வானம் காட்டிய வள்ளல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் பென்சில்வேனியா என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில், அலிகெனி, மோனோங்கஹேலா என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றுகூடி ஒகையோ என்னும் பேராறாக மாறும் இடத்தில் பிட்ஸ்பர்க் நகரம் அமைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரம் இரும்புக்கும் எஃகுக்கும் கண்ணாடிக்கும் பெயர்பெற்று விளங்கியது. மலைச்சரிவெங்கும் நிலக்கரி; ஆற்றங்கரையெங்கும் உருக்காலைகள். ஆலைகளின் புகைபோக்கிகள் இரவும் பகலும் கக்கிய கரும்புகை வானத்தை மூடிக்கொண்டது. பகற்பொழுதிலேயே தெருவிளக்குகளை ஏற்ற வேண்டிய நாள்களும் அங்கு உண்டு. அத்தகைய ஊரில் வானநூல் வளரும் என்று எவரும் எதிர்பாரார். ஆயினும் தொலைநோக்கிகளுக்கு வேண்டிய வில்லைகளையும் ஆடிகளையும் நாடி, வானநூலறிஞர்கள் அந்தப் புகை நகரத்துக்கே கடிதம் எழுதும் காலம் ஒன்று வந்தது. அக்கடிதங்கள் சென்று சேர்ந்த இடம், ஒரு காலத்தில் உருக்காலையில் எந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த ஒரு தொழிலாளியின் பட்டறையாகும். அவர் பெயர் ஜான் பிரஷியர்.

பிரஷியர் 1840ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள், மோனோங்கஹேலா ஆற்றங்கரையிலுள்ள பிரவுன்ஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. எழுவர் மக்களுள் ஜானே மூத்தவர். வீட்டில் செல்வம் இல்லை. ஆனால் அன்பும் அறிவு வேட்கையும் இருந்தன. தாயைப் பெற்ற பாட்டனாராகிய நத்தானியேல் ஸ்மித், கடிகாரம் முதலிய பொறிகளைச் செப்பனிடுபவர். அவருக்கு வானநூலில் பெருவிருப்பம். மாலைவேளைகளில் பேரனை வெளியே அழைத்துச் சென்று விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுவார்.

அந்நாளில் வாம்ப்ளர் என்பவர் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு மக்களுக்கு வானத்தைக் காட்டிவந்தார். அதன் வழியாகப் பார்க்கும் வாய்ப்பு ஜானுக்கு ஒன்பதாம் வயதில் கிடைத்தது. நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் அச்சிறுவன் கண்டான். பின்பு தொலைநோக்கி சனிக்கோளை நோக்கித் திருப்பப்பட்டது. இருண்ட வெளியில், தன்னைச் சுற்றி ஒரு வளையத்தை அணிந்து அக்கோள் மிதந்துகொண்டிருந்தது. சில நொடிகளே கிட்டிய அக்காட்சி அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தனக்கென ஒரு தொலைநோக்கி வேண்டும் என்ற ஆசையும் அன்றே முளைத்தது. அது நிறைவேற இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன் நெடுங்காலம் கல்வி கற்க இயலாது. பதினைந்தாம் வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. பின்னர் எந்திரத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, இரும்பு வார்ப்புக்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்யும் தொழிலைக் கற்றார். இருபதாம் வயதில் அத்தொழிலில் தேர்ந்தார். அடுத்த ஆண்டில் பிட்ஸ்பர்க்கை அடைந்து, உருக்காலையில் எந்திரங்களை அமைத்துப் பழுதுபார்க்கும் கம்மியர் ஆனார். 1862ஆம் ஆண்டில் பீபி ஸ்டுவர்ட் என்னும் பெண்மணியை மணந்தார். பிரஷியரின் வாழ்க்கையை எழுதுவோர் பீபியின் வாழ்க்கையையும் உடன் எழுதாமல் இருக்க முடியாது. அவ்வம்மையார் கணவரின் வேலையில் பாதியைத் தாமே சுமந்தார் என்பது சற்றும் மிகையன்று.

இருவரும் நகரின் தென்பகுதியில், மலைச்சரிவு ஒன்றில் சிறு வீடு கட்டிக்கொண்டு குடியேறினர். கீழே ஆலைகளின் நெருப்பு. மேலே, காற்று புகையை விலக்கும் இரவுகளில், விண்மீன்கள். தொலைநோக்கியை விலை கொடுத்து வாங்க ஆலைத் தொழிலாளியின் ஊதியம் இடந்தரவில்லை. ஆகவே தாமே செய்துகொள்வது என்று முடிவு செய்தனர். வீட்டின் பின்புறமிருந்த சிறிய கரிக் கொட்டகை பட்டறையாயிற்று. அதில் ஒரு நீராவிப் பொறியும் கடைசல் எந்திரமும் இடம்பெற்றன. நியூயார்க் நகரிலிருந்து கண்ணாடி வட்டுகள் வரவழைக்கப்பட்டன. ஐந்து அங்குல விட்டமுள்ள வில்லை ஒன்றைச் செய்வது அவர்கள் நோக்கம்.

ஐந்து அங்குலம் என்றால் நம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதானே என்று தோன்றும். ஆனால் தொலைநோக்கி வில்லையைத் தேய்த்து உருவாக்குவது எளிய செயலன்று. தொலைநோக்கியின் தலைவில்லை ஒரே கண்ணாடியால் ஆயின், பொருள்களைச் சுற்றி வண்ணக் கீற்றுகள் தோன்றும். அவற்றை நீக்க இருவகைக் கண்ணாடிகளால் ஆன இரண்டு வில்லைகளை இணைத்தல் வேண்டும். ஆதலால் நான்கு பரப்புகளைத் தேய்த்து மெருகிட வேண்டும். ஒவ்வொரு பரப்பிலும் உண்டாகும் பிழை, தலைமயிரின் பருமனை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறை ஒட்டியே இருக்கலாம். விரல்நுனியைக் கண்ணாடியின்மீது சிறிது நேரம் வைத்தாலே, அவ்வெப்பத்தால் அவ்விடம் புடைத்துவிடும். அது தணியும்வரை வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ஆலைவேலை முடிந்து பிரஷியர் மாலையில் களைத்து வீடு திரும்புவார். அதற்குள் பீபி கொதிகலத்தில் நெருப்பு மூட்டி நீராவியைத் திரட்டி வைத்திருப்பார். உணவு உண்டதும் இருவரும் கொட்டகைக்குச் செல்வர். நள்ளிரவுவரை கண்ணாடி தேய்ப்பது நடக்கும். வைகறையில் மீண்டும் ஆலை. இவ்வாறு ஓராண்டன்று, மூன்று ஆண்டுகள் உழைத்தனர். இடையில் வில்லைகளுள் ஒன்று உடைந்தது. பல மாத உழைப்பு நொடியில் வீணாயிற்று. வேறு வட்டு ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை பொறுத்திருந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். 1875ஆம் ஆண்டில் தொலைநோக்கி முடிந்தது. வீட்டின் மாடிச் சாளரத்தருகே அதனை நிறுவி முதலில் அவர்கள் நோக்கியது சனிக்கோளையே.

கண்டு மகிழ்ந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அண்டை அயலாரை அழைத்துக் காட்டினர். இரும்பு உருக்கும் கைகளோடு ஆடவர் வந்தனர். குழந்தைகளை இடுப்பில் ஏந்திப் பெண்டிர் வந்தனர். காசு எதுவும் பெறவில்லை. தாம் செய்த தொலைநோக்கியைப் பூட்டி வைத்துக்கொள்ளும் எண்ணம் அவ்விருவருக்கும் ஒருபோதும் தோன்றவில்லை.

பிட்ஸ்பர்க்குக்கு எதிர்க்கரையில், அந்நாளில் தனி நகரமாக இருந்த அலிகெனியில், ஒரு குன்றின்மேல் வானாராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. அதன் வரலாறு சுவையானது. 1858ஆம் ஆண்டில் டொனாட்டி என்னும் பெரிய வால்மீன் வானத்தில் தோன்றியது. அதனைக் கண்டு வியந்த நகரச் செல்வர் சிலர் அடுத்த ஆண்டில் தொலைநோக்கிச் சங்கம் ஒன்றை அமைத்து, 13 அங்குல வில்லையுடைய பெரிய கருவியை வாங்கினர். ஆர்வம் நாளடைவில் குன்றியது. 1867ஆம் ஆண்டில் அக்கூடம் பல்கலைக்கழகத்தின் உடைமையாயிற்று. சாமுவேல் லாங்லி என்னும் அறிஞர் அதன் தலைவராக அமர்ந்தார். 1872ஆம் ஆண்டில் அந்த 13 அங்குல வில்லையை யாரோ களவாடிச் சென்று, பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகத் தெரிவித்தனர். பணம் கொடுத்தால் உலகிலுள்ள எந்த வானாராய்ச்சிக் கூடத்துக்கும் பாதுகாப்பு இராது என்று கருதிய லாங்லி, ஒரு காசும் கொடுக்க மறுத்துவிட்டார். வில்லை பின்னர்க் கீறல்களுடன் மீட்கப்பட்டது. அதனைச் செப்பனிட்டு முன்னினும் சிறந்ததாக்கினர். இவ்வில்லையை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பிரஷியரின் வாழ்க்கையில் அது பின்னரும் வரும்.

1876ஆம் ஆண்டில் பிரஷியர் தம் வில்லையைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு லாங்லியைக் காணச் சென்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலைத் தொழிலாளியை எவ்வாறு வரவேற்பாரோ என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. லாங்லி பிறரோடு எளிதிற் பழகாதவர். ஆயினும் வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்ததும், எதிரே நிற்பவரின் திறமையை உணர்ந்துகொண்டார். வெள்ளி பூசிய ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்யும் முறையை விளக்கும் நூல் ஒன்றைக் கொடுத்து, அம்முறையை முயன்று பார்க்குமாறு ஊக்கினார்.

பிரஷியரும் பீபியும் 12 அங்குல ஆடி ஒன்றைத் தொடங்கினர். ஓராண்டு உழைப்பில் அது வடிவம் பெற்றது. எஞ்சியது வெள்ளி பூசுதல் ஒன்றே. அந்நாளைய முறைப்படி, கண்ணாடியை வெப்பமான நீர்மத்தில் இட்டுப் பூச வேண்டியிருந்தது. அவ்வாறு செய்துகொண்டிருந்தபோது ஆடி திடீரென்று வெடித்துப் பிளந்தது. பிரஷியர் மனமுடைந்து போனார். மறுநாள் ஆலையில் அவருக்கு வேலை ஓடவில்லை. இனி இம்முயற்சியே வேண்டாம் என்னும் எண்ணத்துடன் மாலையில் வீடு திரும்பினார். கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீராவிப் பொறி ஆயத்தமாக நின்றது. கைவசம் இருந்த மற்றொரு கண்ணாடி வட்டைப் பீபி எந்திரத்தில் பொருத்தி வைத்திருந்தார். ஆறுதல் மொழி எதுவும் அங்குத் தேவைப்படவில்லை. இரண்டே திங்களில் இரண்டாம் ஆடி முடிந்தது.

உடைந்த ஆடி வேறொரு வகையிலும் பயன்பட்டது. வெப்பமின்றி வெள்ளி பூசுவது எவ்வாறு என்று பிரஷியர் ஆராயத் தொடங்கினார். வெள்ளி உப்புக் கரைசலுடன் சர்க்கரைக் கரைசலைத் தக்க அளவில் சேர்த்தால், வெள்ளி தானாகவே பிரிந்து கண்ணாடியின்மீது மெல்லிய ஏடாகப் படியும். அளவுகளைப் பலவாறு மாற்றிப் பார்த்து, எளிதும் உறுதியும் ஆன ஒரு முறையை அவர் வகுத்தார். அதற்குத் தனியுரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கலாம். அவரோ 1880ஆம் ஆண்டில் அதனை இங்கிலாந்தின் இதழ் ஒன்றில் அனைவரும் அறிய வெளியிட்டுவிட்டார். அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் தொலைநோக்கி ஆடிகளுக்கு அம்முறையிலேயே வெள்ளி பூசிவந்தனர். 1930களில் அலுமினியம் பூசும் முறை வந்த பின்னரே அது வழக்கொழிந்தது.

இதற்கிடையில், 1879ஆம் ஆண்டில், பொழுதுபோக்காக வானநூல் பயில்வோர்க்கு ஆடிகள் செய்து தருவதாக இதழ் ஒன்றில் பிரஷியர் விளம்பரம் செய்தார். கடிதங்கள் குவிந்தன. விண்ணைக் காண விரும்பிய எழுத்தர்களும் வணிகர்களும் மருத்துவர்களும் நாட்டில் இத்தனை பேர் இருந்தனரா என்று அவரே வியப்புற்றார். பகலில் ஆலையும் இரவில் பட்டறையுமாக உழைத்ததில் உடல் தளர்ந்தது. ஆலையை விட்டுவிட்டால் குடும்பம் என்னாகும் என்னும் கவலை ஒருபுறம். பட்டறையை விட மனம் ஒருப்படாமை மற்றொருபுறம். அந்நிலையில் உதவிக்கு வந்தவர், இரயில்வேத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய வில்லியம் தா என்பவர். தா என்பது தமிழில் இரப்போர் கூறும் சொல். இத்தாவோ, பிறர் இரக்குமுன்னரே ஈயும் இயல்பினர். 1881ஆம் ஆண்டளவில் பிரஷியர் ஆலைவேலையை விட்டார். பின்னர்த் தா அளித்த பொருளுதவியால் அலிகெனி வானாராய்ச்சிக் கூடத்தின் அருகே நல்லதொரு பட்டறையும் இல்லமும் அமைந்தன. வளர்ப்பு மகளின் கணவராகிய மெக்டோவல் தொழிலில் துணையானார்.

அப்பட்டறையிலிருந்து வெளிப்போந்த கருவிகளுள் பல, கதிரவனை ஆராயப் பயன்பட்டவை. கதிரவனை ஆராய்தல் அந்நாளில் புதிய துறை. 1845ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பீசோ, பூக்கோ என்னும் இருவர் கதிரவனை நிழற்படம் எடுத்தனர். அதன்பின் இலண்டனில் தாள் வணிகம் நடத்திவந்த வாரன் டி லா ரூ என்பவர், தொழிலோடு தொழிலாகக் கதிரவனைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு கருவியை அமைத்தார். எனினும் நுண்ணிய விவரங்களைக் காட்டுவதில் அக்காலப் படங்கள் கைத்திறனுக்கு ஈடாகவில்லை. லாங்லி 1873ஆம் ஆண்டில் அலிகெனியில் கண்டு வரைந்த கதிரவப் புள்ளியின் ஓவியம், அக்காலத்து நிழற்படங்களைவிடத் தெளிவாக இருந்தது. லாங்லி பின்னர்க் கதிரவனின் வெப்பக் கதிர்களை அளக்கத் தொடங்கினார். கண்ணாடி அக்கதிர்கள் பலவற்றைத் தடுத்துவிடும், பாறையுப்பு தடுக்காது. ஆனால் உப்போ ஈரக்காற்றுப் பட்டாலே கசிந்து மங்கும். அதனைப் பட்டையாகத் தீட்டி மெருகிட்டுத் தந்தவர் பிரஷியரே.

பால்ட்டிமோர் நகரில் ரோலண்டு என்னும் அறிஞர் மற்றொரு பெரும்பணியில் ஈடுபட்டிருந்தார். உலோகத் தகட்டின்மீது ஓர் அங்குல அகலத்துக்குள் 14,000க்கும் மேற்பட்ட கோடுகளை வைரமுனையால் கீறி, அதன்மீது கதிரவனின் ஒளி விழச் செய்தால், ஒளி அழகிய நிறமாலையாக விரியும். கோடுகளைக் கீறும் பொறியை ரோலண்டு அமைத்தார். ஆனால் கோடு கீறத் தகுந்த தகடு குற்றமற்றதாக இருத்தல் வேண்டுமே! செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைக் கண்ணாடிபோல் மெருகிட்டு அத்தகடுகளைச் செய்து கொடுத்தது பிரஷியரின் பட்டறை. அவற்றைக் கொண்டு ரோலண்டு கதிரவ நிறமாலையை நிழற்படமாக எடுத்து, ஏறத்தாழ 20,000 கோடுகளின் அளவைக் கணக்கிட்டு வெளியிட்டார். கதிரவனில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை அறிஞர்கள் அக்கோடுகளிலிருந்தே கண்டறிந்தனர்.

சிகாகோ நகரில் ஜார்ஜ் ஹேல் என்னும் இளைஞர் இருந்தார். அவர் தந்தை மின்தூக்கிகள் செய்யும் செல்வர். மகனின் ஆர்வத்தைக் கண்டு வீட்டுத் தோட்டத்திலேயே வானாராய்ச்சிக் கூடம் ஒன்றைக் கட்டித் தந்தார். அதற்குரிய 12 அங்குல வில்லையையும் நிறமாலை காட்டும் பெருங்கருவியையும் பிரஷியர் செய்து கொடுத்தார். கதிரவனின் விளிம்பில் எழும் சுடர்ப்பிழம்புகளை முன்பு முழுக் கிரகணத்தின்போது மட்டுமே காண முடிந்தது. 1868ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் கிரகணத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், நிறமாலைக் கருவியைக் கொண்டு அவற்றைப் பிற நாள்களிலும் காணலாம் என்று கண்டார். ஆனால் கதிரவனின் முழு உருவையும் அவ்வாறு படமெடுக்க வழியில்லை. அவ்வழியை ஹேல் 1889ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில் சிந்தித்துக் கண்டார்.

அவர் கண்ட முறை இது. கதிரவனின் உருவத்தை மெல்லிய பிளவு ஒன்றின்மேல் விழச் செய்ய வேண்டும். பிளவு வழியே நுழையும் ஒளிக்கீற்றை நிறமாலையாக விரித்து, அதில் ஒரே ஒரு நிறக்கோட்டை மட்டும் இரண்டாம் பிளவு வழியே ஒளித்தகட்டுக்கு விட வேண்டும். முதற்பிளவு கதிரவனின் உருவத்தை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை மெல்லக் கடக்கும்போது, தகட்டில் கீற்றுக் கீற்றாகப் படம் நிறைந்துகொண்டே வரும். சுண்ணாம்புக்கு மூலமான கால்சியத்தின் ஊதா நிறக்கோட்டை அவர் தேர்ந்தெடுத்தார். 1892ஆம் ஆண்டில் அத்தோட்டத்துக் கூடத்தில், கதிரவனின் முகத்திலுள்ள கால்சிய முகில்களும் விளிம்பைச் சூழ்ந்த சுடர்ப்பிழம்புகளும் படத்தில் பதிவாயின. ஹேல் வகுத்த இம்முறையில் இயங்கும் கருவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் கோடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கு எடுத்த கதிரவப் படங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட தொகுதியாக இன்று அறிஞர்களுக்குப் பயன்படுகின்றன. கதிரவனைத் தொலைநோக்கியால் நேரே நோக்கினால் கண் உடனே கெட்டுவிடும் என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். வெண்தாளின்மீது அதன் உருவை விழச் செய்து காண்பதே தக்கது.

அலிகெனி வானாராய்ச்சிக் கூடத்தில் லாங்லிக்குப் பின் தலைமை ஏற்றவர் கீலர். அவர் 1895ஆம் ஆண்டில், பிரஷியர் செய்து தந்த நிறமாலைப் பதிவுக் கருவியை 13 அங்குலத் தொலைநோக்கியில் பொருத்தி, சனியின் வளையத்தைப் படமெடுத்தார். வளையத்தின் உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவது அப்படத்தால் புலனாயிற்று. வளையம் ஒரே தட்டாக இருந்தால் வெளிப்பகுதியன்றோ விரைந்து சுற்ற வேண்டும்? ஆகவே அது எண்ணிறந்த சிறு துண்டுகளின் கூட்டம் என்பது உறுதியாயிற்று. சனியின் வளையத்தைச் சிறுவயதில் வியந்து நோக்கிய பிரஷியருக்கு இதனினும் பெரிய மகிழ்ச்சி வேறு இருந்திருக்க முடியாது.

கீலர் 1898ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குச் சென்றார். பிரஷியர் இரண்டாண்டுகள் கூடத்தின் தற்காலிகத் தலைவராகப் பணியாற்றினார். பழைய கட்டடம் நகரப் புகையால் சூழப்பட்டிருந்தது. வேறு குன்றின்மேல், பூங்கா ஒன்றின் நடுவே, புதிய கூடம் அமைக்க எண்ணினர். அதற்கு ஏறத்தாழ 3,00,000 டாலர் வேண்டியிருந்தது. பிரஷியர் ஆலை அதிபர்களின் வாயில்களுக்கு நடந்தார். முன்பு அவரைப்போன்ற கம்மியர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் அவர்கள். தமக்காக எதையும் வேண்டாத ஒருவர் வந்து கேட்கும்போது இல்லை என்று கூற அவர்களால் இயலவில்லை. ஆயினும் பணம் விரைவில் சேர்ந்துவிடவில்லை. 1900ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே திறப்புவிழா நடைபெற்றது.

ஆராய்ச்சிக்கென எழும் கட்டடத்தில் பொதுமக்களுக்கு இடமளிப்பது அந்நாளில் பெருவழக்கன்று. கூட்டம் வந்தால் ஆராய்ச்சியாளரின் இரவு கெடும். விலையுயர்ந்த கருவிகளில் பலர் கை படும். இக்காரணங்களைப் பொருளற்றவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிரஷியர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வேறு பெரிய தொலைநோக்கிகள் இருக்கட்டும்; ஒரு தொலைநோக்கியேனும் மக்களுக்கு உரியதாதல் வேண்டும்; அதன் அருகே சொற்பொழிவு மண்டபமும் வேண்டும்; காண வருவோரிடம் கட்டணம் பெறுதல் கூடாது. இவையே அவர் கேட்டவை. அவ்வாறே நடந்தது. மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கருவி எது? 1859ஆம் ஆண்டுச் சங்கத்தார் விரும்பி வாங்கியதும், பின்னர்க் களவு போய் மீண்டதும், சனியின் வளையத்தின் உண்மையை வெளிப்படுத்தியதுமாகிய அதே 13 அங்குல வில்லையே. செல்வர் சிலருக்காக வந்த அது, இப்போது ஆலைத் தொழிலாளரின் மக்களுக்கு நிலவைக் காட்டியது.

கல்லூரி வாயிலை மாணவராக மிதித்தறியாத பிரஷியர், 1901 முதல் 1904 வரை பென்சில்வேனியா மேற்குப் பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். இன்றைய பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அதுவே. பிரிக் என்னும் எஃகுத் தொழிலதிபர் 1909ஆம் ஆண்டில் பள்ளியாசிரியர்களின் நலனுக்காகத் தம் பெயர் வெளிப்படாதவாறு 2,50,000 டாலர் அளித்தபோது, அதனைச் செலவிடும் பொறுப்பைப் பிரஷியரிடமே ஒப்படைத்தார். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் நல்ல கல்லூரிகளுக்குச் சென்று பயில அந்நிதி உதவியது. நகர மக்கள் அவரை ஜான் மாமா என்றே அழைத்தனர். 1915ஆம் ஆண்டில் மாநில ஆளுநர் அவரைப் பென்சில்வேனியாவின் தலைசிறந்த குடிமகனாகத் தேர்ந்தெடுத்தார்.

பீபி அம்மையார் 1910ஆம் ஆண்டில் காலமானார். புதிய கூடம் திறக்கப்பட்டதைக் காண அவர் இல்லை. பிரஷியரின் பட்டறை மேற்கொண்ட பெரும்பணிகளுள் ஒன்று, கனடா நாட்டின் விக்டோரியா நகரத் தொலைநோக்கிக்குரிய 72 அங்குல ஆடியாகும். அதற்குரிய கண்ணாடி வட்டு பெல்ஜியத்தில் வார்க்கப்பட்டு, 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூள்வதற்குச் சில நாள்களே இருக்கையில் கப்பலேறி வந்து சேர்ந்தது. மெக்டோவலும் பிற தொழிலாளரும் ஆண்டுக்கணக்கில் அதனைத் தேய்த்து மெருகிட்டனர். 1918ஆம் ஆண்டில் அது விண்ணை நோக்கியபோது பிரஷியருக்கு எழுபத்தேழு வயது.

1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாள் பிரஷியர் உலக வாழ்வை நீத்தார். அவரே எழுதி வைத்த வாழ்க்கை வரலாறு பின்னர் நூலாக வெளிவந்தது. அலிகெனி வானாராய்ச்சிக் கூடத்தில் தொலைநோக்கி ஒன்று நிற்கும் பெருந்தூணின் அடியில் சிறிய நிலவறை ஒன்று உள்ளது. ஜான் பிரஷியரின் சாம்பலும் பீபியின் சாம்பலும் அங்கே அருகருகே வைக்கப்பட்டுள்ளன.